மூடை எடையும் தொலைந்த பிரேமும்: மூன்று திருத்தங்களில் எதை ஏற்பது?

நின்ற நிரலில் எந்தச் சார்பு (ஃபங்ஷன்) எதை அழைத்தது என்ற அழைப்புப் பட்டியலை, நிரலுக்குள் பார்த்துப் பிழை தேடும் கருவியான டிபக்கரிடம் கேட்டிருந்தோம். முதல் வரி ஒழுங்காக வந்தது. இரண்டாவது வரியில் சார்பின் பெயர் வந்தது, அடைப்புக்குறி திறந்தது, மூடையின் எடை 61.98 என்று அச்சானது. அடைப்புக்குறி மூடியது, கோப்பின் பெயர் வருவதற்குள் டிபக்கர் விழுந்துவிட்டது. சோதிக்கப்பட்ட நிரலுக்கு ஒன்றுமில்லை, சோதிக்க வந்த கருவிதான் போய்விட்டது. நோயாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்க, வைத்தியர் மயங்கி விழுந்த கதை.

சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றின் தராசில் ஓடும் நிரல் அது. கல்லடியில், வாவியைப் பார்த்தபடி ஜன்னல் வைத்த ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு நாங்கள் மூன்று பேர் அதைப் பராமரிக்கிறோம். தராசுக்குள் இருப்பது 64 பிட் ஆர்ம் செயலிப் பலகை. ஆலைக்குப் போகும் தொழில்நுட்பவியலாளர்களின் மடிக்கணினியில் நாங்கள் போட்டுக் கொடுத்திருப்பது, ஜிடிபியின் பழைய பதிப்பு ஒன்றிலிருந்து பிரித்து எங்கள் பலகைக்கு ஏற்ப மாற்றிய டிபக்கர். (செய்தித்தாளின் பொருளாதாரப் பக்கத்தில் வரும் ஜிடிபி வேறு. இது 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய குனு டிபக்கர்.) பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டது. லொறிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் தராசு தகராறு செய்தால், அதைப் பார்க்கப் போகும் பொடியனின் கையில் இருக்கும் கருவியாவது உயிரோடு இருக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. சாய்ந்தமருதிலிருந்து நாளும் பஸ்ஸில் வரும் தங்கச்சி 11 வரியில் ஒரு திருத்தம் எழுதினார். நான் பெரிய திருத்தம் ஒன்றைத் தொடங்கியிருந்தேன். எங்களில் மூத்தவர், முன்பு டியூஷன் வகுப்பு நடத்தியவர், இன்றும் எல்லோருக்கும் மாஸ்டர்தான். அவர் டிபக்கரைத் தொடவே வேண்டாம் என்றார். மூன்றையும் மீளாய்வு செய்து ஒன்றை ஏற்கும் பொறுப்பு என்னிடம். போட்டியில் ஓடுகிறவனே நடுவராகவும் நிற்பது முறையல்ல என்று தெரியும். மூன்று பேர் உள்ள இடத்தில் வேறு வழியில்லை.

முறிவு எங்கே என்று தெரிந்தால்தான் ஒப்பீடு விளங்கும், ஆகவே முதலில் அது.

ஆர்ம் பலகையில் ஒரு சார்பு இன்னொன்றை அழைத்தால், திரும்பி வரவேண்டிய முகவரி எக்ஸ்30 என்ற பதிவகத்தில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பறையில்) வைக்கப்படும். அழைக்கப்பட்ட சார்பு தானும் வேறொன்றை அழைக்கப்போகிறது என்றால், எக்ஸ்29, எக்ஸ்30 இரண்டின் பழைய மதிப்புகளையும் ஜோடியாக, மொத்தம் 16 பைட்டில், அடுக்கில் (அழைப்புகளுக்கென நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தில்) எழுதிவைத்து, எக்ஸ்29ஐ அந்த ஜோடியை நோக்கித் திருப்பிவிடும். ஜோடியின் முதல் பாதி முந்தைய ஜோடியைக் காட்டும். அது அதற்கு முந்தையதைக் காட்டும். இப்படிச் சங்கிலியாகப் பின்னால் நடந்து போனால் நிரல் தொடங்கும் மெயின் சார்பு வரை போய்ச் சேரலாம். தொகுப்பி (கம்பைலர்) இந்தச் சங்கிலியைச் சிக்கனத்துக்காக விட்டுவிட்டிருந்தால், டிபக்கருக்காக அது எழுதிவைக்கும் டுவார்ஃப் அட்டவணைகளைப் பார்த்து, நிரலின் இந்த இடத்தில் நின்றால் திரும்பும் முகவரி எங்கே இருக்கும் என்று கணக்கிட வேண்டும்.

இப்படி நடந்து கண்டுபிடித்த ஒவ்வொரு நிலையத்துக்கும் டிபக்கர் தன் சொந்த நினைவகத்தில் ஒரு பொருளை உருவாக்குகிறது. அதைத்தான் பிரேம் என்கிறோம். பலகையில் அப்படி ஒரு பொருள் கிடையாது. அங்கே இருப்பது வெறும் எண்கள், அவற்றை டிபக்கர் படித்த படிப்புத்தான் பிரேம். ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்தால் நேரமாகும் என்பதால் உருவாக்கிய பிரேம்களை ஒரு கேஷில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. பலகையில் நிரல் ஒரு கட்டளை அளவு நகர்ந்தாலும் அந்தப் படிப்புக் காலாவதி. ஆகவே நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் கேஷ் முழுவதையும் ஜிடிபி கொட்டிவிடும். இது சரியான வேலை. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிய ஊரில் நடக்க முடியாது.

வழு வந்தது இதற்கும், டிபக்கருக்குள் ஓடும் பைதான் மொழிக்கும் நடுவில். மூடை என்ற தரவமைப்பை அழகாகக் காட்ட ஒரு பைதான் துணுக்கு எழுதி வைத்திருக்கிறோம். தராசில் 65 கிலோ, ஈரப்பதம் 18 சதவீதம் என்று வெறுமனே காட்டினால் ஆலைக்காரருக்குப் பயனில்லை. அவர்கள் கணக்குப் பார்ப்பது 14 சதவீத ஈரத்துக்கு. 65ஐ 82ஆல் (100 − 18) பெருக்கி 86ஆல் (100 − 14) வகுத்தால் 61.98 கிலோ. அந்தக் கணக்கைச் செய்யும் சார்பு நிரலுக்குள்ளேயே இருக்கிறது, அளவுத்திருத்த எண்களும் அங்கேதான். ஆகவே பைதான் துணுக்கு டிபக்கரிடம், "அந்தச் சார்பை ஒருமுறை ஓட்டி விடையைக் கொடு" என்று கேட்கிறது. டிபக்கர் அடுக்கின் நுனியில் ஒரு போலி பிரேமைப் போட்டு, நிரலை ஓட்டி, விடையை வாங்கி, பதிவகங்களைப் பழையபடி வைத்துவிட்டுத் திரும்புகிறது. பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். ஆனால் நிரல் ஓடியது, ஆகவே கேஷ் கொட்டப்பட்டது.

அழைப்புப் பட்டியலை அச்சிடும் கண்ணியோ (லூப்) இன்னும் பழைய பிரேமின் சுட்டியை, அதாவது அதன் நினைவக முகவரியை, கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அளவுருவை (சார்புக்குக் கொடுத்த மூடையை) அச்சிட்டாயிற்று, அடுத்து கோப்பின் பெயரும் வரி எண்ணும் வேண்டும். அதற்காகச் சுட்டி காட்டும் இடத்துக்குப் போகிறது. வீடு இடிக்கப்பட்டு இரண்டு நொடி ஆகிவிட்டது.

முதல் நாள் என் கணினியில் இது நடக்கவே இல்லை. ஜிடிபி இயல்பாக, பட்டியலில் எண், எழுத்து போன்ற எளிய அளவுருக்களை மட்டும்தான் காட்டும். தரவமைப்பு வந்தால் மூன்று புள்ளி வைத்துவிட்டுப் போய்விடும். தொழில்நுட்பவியலாளர்களின் தொடக்கக் கோப்பில் எல்லாவற்றையும் காட்டச் சொல்லும் ஒரு வரி இருந்தது, என்னுடையதில் இல்லை. அந்த வரியைச் சேர்த்ததும் இரண்டாவது முயற்சியிலேயே விழுந்தது. ஆனால் அதே வரியோடு தங்கச்சியின் கணினியில் பத்து முறை ஓட்டியும் விழவில்லை. இது என்னை அரை நாள் வதைத்தது.

காரணம் கண்டதும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. கேஷைக் கொட்டும்போது பிரேம்கள் இருந்த நினைவகத் துண்டு, சுமார் 4 கிலோபைட், விடுவிக்கப்படுகிறது. உடனே புதிய கேஷுக்காக அதே அளவில் ஒரு துண்டு கேட்கப்படுகிறது. நினைவகத்தைப் பங்கிடும் நிரல்தொகுதி பெரும்பாலும் இப்போதுதான் திரும்பி வந்த அதே துண்டையே எடுத்துக் கொடுக்கும். புதிய பிரேம்களும் அதே வரிசையில் அதே இடங்களில் உருவாகும். ஆக, செத்த சுட்டி தற்செயலாகச் சரியான பிரேமையே காட்டிக்கொண்டிருக்கும். அவரது கணினியில் அப்படித்தான் ஓடியது. வழு இருந்தது, அறிகுறி இல்லை. இத்தனை காலம் யாரும் இதைப் பார்க்காததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இனி மூன்று வழிகள். மாஸ்டருடையதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைதான் துணுக்கு நிரலின் சார்பை அழைப்பதால்தானே தொல்லை? அழைக்காமல், பெருக்கலையும் வகுத்தலையும் பைதானிலேயே செய்துவிட்டால் நிரல் ஓடாது, கேஷ் கொட்டப்படாது, டிபக்கரில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். அன்று பின்னேரமே அனுப்பிவிடலாம். அவசரத்துக்கு இது நல்ல மருந்து. ஆனால் அளவுத்திருத்தக் கணக்கு இரண்டு இடத்தில் வாழத் தொடங்கும். ஒரு ஆலையில் ஈர உணரியை மாற்றி நிரலில் எண்களைத் திருத்தினால், பைதானில் திருத்த யாரும் நினைக்கமாட்டார்கள். பிறகு தராசு ஒரு எடையும் டிபக்கர் வேறொரு எடையும் காட்டும். அந்தத் தொலைபேசி அழைப்பை எடுக்கப்போவது நான். அதைவிட, நாளை வேறொருவர் வேறொரு துணுக்கு எழுதினால் அதே குழி அதே இடத்தில் திறந்திருக்கும். மாஸ்டர் இதற்கு, "தம்பி, குழியை மூட நேரம் இல்லாவிட்டால் பலகையாவது போடு" என்றார். அவர் கேட்ட பலகை ஜிடிபியிலேயே இருக்கிறது: பட்டியலில் அளவுருக்களை அலங்காரம் இல்லாமல், பைதானைக் கூப்பிடாமல் பச்சையாகக் காட்டு என்று ஓர் அமைப்பு. அதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். 61.98 தெரியாது, 65உம் 18உம் தெரியும். கணக்கைக் கையால் போட்டுக்கொள்ளட்டும்.

எனது வழி பெரியது. வெறும் சுட்டியைக் கையில் வைத்துக்கொள்வதை அடியோடு ஒழித்து, அதற்குப் பதிலாக ஒரு புதிய தரவு வகையைக் கொண்டுவருவது. அந்த வகை, சுட்டியோடு பிரேமின் அடையாளத்தையும் அது எத்தனையாவது என்பதையும் சேர்த்து வைத்திருக்கும். கேஷ் கொட்டப்பட்டால் தன் சுட்டியைத் தானே வெறுமையாக்கிக்கொள்ளும். அடுத்த முறை யாராவது அதைத் தொட்டால், அடையாளத்தை வைத்து பிரேமை மறுபடி தேடி எடுத்துக்கொள்ளும். பயன்படுத்துகிறவர் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். இது என் மூளையில் உதித்த யோசனை அல்ல. ஜிடிபி திட்டத்தார் 2022இல் தங்கள் மூலநிரலில் இப்படி ஒரு வகையைப் புகுத்தினார்கள். நாங்கள் பிரித்தெடுத்த பதிப்பு அதற்கு முந்தையது. எல்எல்டிபி என்ற இன்னொரு டிபக்கரில் இதே நோக்கம் வேறு உருவில் இருக்கிறது: பிரேமை நேரே பிடித்துக்கொள்ளாமல், எந்த இழை (திரெட்), எந்த அடையாளம் என்று எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போது தேடும் ஒரு குறிப்பு. தேடிக் கிடைக்காவிட்டால் வெறுமையான பிரேம் திரும்பும், கேட்டவர் அது செல்லுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கச்சியின் 11 வரி இதன் கைவேலைப் பதிப்பு. அளவுருவை அச்சிடுவதற்கு முன் பிரேமின் அடையாளத்தை ஒரு மாறியில் எடுத்து வைக்கிறது. அச்சிட்டதும் அந்த அடையாளத்தைக் கொண்டு பிரேமை மறுபடி தேடுகிறது. கிடைத்தால் தொடர்கிறது, கிடைக்காவிட்டால் எச்சரித்துவிட்டு நிறுத்துகிறது. ஜிடிபிக்குள் பல இடங்களில் இருக்கும் பழைய பழக்கம்தான். அளவுருவை அச்சிடும் இந்த இடம் மட்டும் விடுபட்டிருக்கிறது.

முதல் பார்வையில் என் மனம் என் திருத்தத்தின் பக்கமே சாய்ந்தது. அவருடையது ஓர் இடத்தை அடைக்கிறது. மூலநிரலைத் தேடிப் பார்த்தால் இதே தவறு நடக்கக்கூடிய இடங்கள் இன்னும் ஐந்து தென்பட்டன. ஒவ்வொன்றிலும் இதே 11 வரியை ஒட்டவைத்து, ஏழாவது இடத்தை அடுத்த வருடம் எழுதப்போகிறவர் மறக்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா? அன்று மாலை பரிசீலனைக் குறிப்பில் ஏறக்குறைய அப்படியே எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. அனுப்பாமல் இருந்ததற்கு என் அறிவு காரணமல்ல, மின்வெட்டு.

மறுநாள் இரண்டையும் ஒரே சோதனையில் போட்டேன். விழுகிறதா என்று பார்க்கும் சோதனை இல்லை அது. இரண்டு திருத்தமும் விழவில்லை, அது முந்திய நாளே தெரியும். மறுபடி தேடி எடுத்த பிரேம் அதே பிரேம்தானா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அடையாளம் என்பதில் முக்கியமாக இரண்டு முகவரிகள் இருக்கின்றன. ஒன்று சார்பு தொடங்கும் இடம். மற்றது, அந்த அழைப்பு நடந்த கணத்தில் அடுக்கின் நுனி எங்கே இருந்தது என்பது. சார்பு ஓடும்போது நுனி ஏறி இறங்கும், ஆனால் அழைப்பு நடந்த கணத்து நுனி என்பது நடந்து முடிந்த விஷயம், மாறாது. ஒரு சார்பு தன்னையே திரும்ப அழைத்தால் முதல் முகவரி ஒன்றாகவே இருக்கும், இரண்டாவது வேறுபடுத்திக் காட்டும். தொகுப்பி ஒரு சிறு சார்பை இன்னொன்றுக்குள் கரைத்துவிட்டால் இரண்டுக்கும் அடுக்கில் ஒரே இடம்தான். அதற்காக எத்தனையாவது உள்ளடுக்கு என்ற எண்ணும் அடையாளத்தில் உண்டு. இந்த இரண்டையும் சோதித்தேன், இரண்டு திருத்தமும் தேறின.

பிறகு அழைக்கப்படும் எடைக் கணக்குச் சார்புக்குள்ளேயே ஒரு நிறுத்தப் புள்ளி வைத்தேன். தொழில்நுட்பவியலாளர் இதைச் செய்யமாட்டார் என்று சொல்லமுடியாது. எடை பிழையாக வருகிறது என்றால் அவர் முதலில் புள்ளி வைக்கப்போவது அங்கேதான். இப்போது பட்டியல் கேட்டால் என்ன நடக்கும்? பைதான் துணுக்கு சார்பை அழைக்கிறது, நிரல் ஓடுகிறது, புள்ளியில் நின்றுவிடுகிறது. டிபக்கர் தொடங்கிய அழைப்பு முடியவே இல்லை. ஆகவே பதிவகங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, அடுக்கின் நுனியில் இரண்டு புதிய பிரேம்கள் கிடக்கின்றன: எடைக் கணக்கு ஒன்று, அதன் கீழ் டிபக்கர் போட்ட போலி ஒன்று.

பெயர்களைத் தமிழில் தருகிறேன். முன்பு அடுக்கு இப்படி: #0 வாசி, #1 நிறு, #2 தொகுதி, #3 மெயின். மூடையை வாங்கும் சார்பு நிறு. இப்போது: #0 கணக்கு, #1 போலி, #2 வாசி, #3 நிறு, #4 தொகுதி, #5 மெயின்.

தங்கச்சியின் திருத்தம் இப்படி அச்சிட்டது: #0 வாசி, #1 நிறு, அடுத்த வரி #4 தொகுதி, #5 மெயின். நடுவில் இரண்டைக் காணவில்லை. ஆனால் காட்டிய பிரேம்கள் சரியானவை. அடையாளத்தை வைத்துத் தேடியதால் நிறு மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்ட பின்பும் அதைப் பிடித்துவிட்டது. அதன் அழைப்பாளரும் சரி. எண்கள்தான் தாண்டின.

எனது திருத்தமும் இதே விடையைத் தந்தது. நிம்மதியோடு, வாசி என்ற சார்பும் மூடையை வாங்கும்படியும், புள்ளி முதல் முறை மட்டும் நிறுத்தும்படியும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். இம்முறை அலங்காரம் பூஜ்ஜியமாவது பிரேமிலேயே நடக்கும்.

தங்கச்சியினுடையது: #0 வாசி, #3 நிறு, பிறகு தொகுதி, மெயின். மறுபடியும் எண் தாண்டல், மறுபடியும் சரியான பிரேம்கள்.

என்னுடையது: #0 வாசி, #1 போலி, #2 வாசி, #3 நிறு, தொகுதி, மெயின்.

வாசி இரண்டு முறை. பார்க்க முழுமையான, எண் தாண்டாத, அழகான பட்டியல். அதைப் படிக்கும் எவரும் வாசி தன்னையே அழைக்கிறது என்று நினைத்து, இல்லாத சுழற்சி ஒன்றைத் தேடி ஒரு பகலைத் தொலைப்பார். நானே நினைத்திருப்பேன்.

ஏன் இப்படி? பூஜ்ஜியமாவது பிரேமுக்கு இந்த வகையில் தனி விதி. அதன் அடையாளத்தை வைத்துத் தேடாமல், இப்போது நுனியில் எது இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். இதற்கு நியாயம் உண்டு. பிரேமை இன்னும் படித்துக்கொண்டிருக்கும்போதே, அடையாளம் கணக்கிடப்படுவதற்கு முன்பே, பூஜ்ஜியமாவது பிரேமின் சுட்டி உள்ளே பல கைகள் மாறுகிறது. அந்த நேரத்தில் அடையாளத்தைக் கேட்டால் டிபக்கர் தன் வாலைத் தானே விரட்டத் தொடங்கும். மூல ஜிடிபியிலும் பூஜ்ஜியமாவதுக்கு இப்படித் தனி வழி உண்டு. நான் அதைப் பார்த்து வரைந்தேன், அந்த விதி எந்தச் சந்தர்ப்பத்தில் பொய் சொல்லும் என்று யோசிக்காமல்.

அந்த இடத்தில் என் தராசு மறுபக்கம் சாய்ந்தது. விழுந்துவிடும் டிபக்கர் கெட்டதுதான், ஆனால் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். தொழில்நுட்பவியலாளர் திட்டிவிட்டுத் தொலைபேசி எடுப்பார். தவறான பட்டியலை அமைதியாகக் கொடுக்கும் டிபக்கரை அவர் நம்புவார், நம்பி நிரலில் கை வைப்பார். என் திருத்தம் முதல் வகை வழுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டாம் வகையை நட்டது. தங்கச்சியினுடையது, ஓர் இடத்தில் மட்டுமே என்றாலும், பொய் சொல்லவில்லை.

வேகத்தைப் பற்றியும் மாஸ்டர் கேட்டார். அடையாளத்தைக் கொண்டு தேடுவதென்றால் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் நடக்க வேண்டும். ஜிடிபி இதற்கு ஒரு விரைவு அட்டவணை வைத்திருக்கிறது, ஆனால் கேஷோடு சேர்ந்து அதுவும் கொட்டப்பட்டுவிடும். ஒவ்வொரு பிரேமிலும் ஒரு மூடை இருந்தால், 40 ஆழத்துக்கு 1 முதல் 40 வரை கூட்டினால் 820 படி. 1000 ஆழமென்றால் 5 லட்சத்தைத் தாண்டும், பலகையோடு பேசும் மெதுவான தொடர் கேபிளில் அது நரகம். எங்கள் தராசு நிரல் பத்து ஆழத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு திருத்தத்துக்கும் செலவு ஒன்றே என்பதால் தேர்வுக்கு இது உதவவில்லை.

ஆகவே ஏற்றது தங்கச்சியின் திருத்தம். மூன்று நிபந்தனைகளோடு.

ஒன்று, சோதனை. அவர் சோதனை எதுவும் சேர்க்கவில்லை. "விழவில்லை என்பதுதான் சோதனை, அண்ணன்" என்றார். ஆனால் அவர் கணினியில் திருத்தம் இல்லாமலும் விழவில்லையே. திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டினால் தோற்காத சோதனை சோதனையே அல்ல. அதனால் டிபக்கரை முகவரி கண்காணிப்போடு தொகுத்து ஓட்டச் சொன்னேன். அப்படித் தொகுத்தால், விடுவித்த நினைவகத் துண்டு சிறிது காலம் ஒதுக்கி வைக்கப்படும், உடனே திருப்பிக் கொடுக்கப்படாது. செத்த சுட்டி தொட்ட கணமே கத்தும். ஓட்டினார். திருத்தம் இல்லாமல் முதல் முயற்சியிலேயே கத்தியது, திருத்தத்தோடு அமைதி.

இரண்டு, மற்ற ஐந்து இடங்கள். ஐந்திலும் இப்போதே ஒட்டவேண்டாம் என்றேன். இரண்டு இடங்களில் மட்டும் பைதான் உள்ளே வர முடியும், அங்கே மட்டும். மிச்ச மூன்றும் புதிய வகை வரும்வரை காத்திருக்கலாம். புதிய வகையை நான் கைவிடவில்லை. 1924இல் கட்டிய ஒற்றை வழிக் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலம் எழுந்துகொண்டிருந்தபோது, ஊர் பழையதிலேதான் போய்வந்தது. 2013இல் புதியது திறந்த பிறகுதான் வாகனங்கள் மாறின. என் வகையும் முதன்மைக் கிளையில் வளரட்டும். அறுவடை முடிந்ததும், பூஜ்ஜியமாவது பிரேமின் விதியைத் திருத்தி, தேடிக் கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்லும் உரிமையை அதற்குக் கொடுத்து, மறுபடி மேசைக்குக் கொண்டுவருகிறேன். அப்போது மீளாய்வு செய்யப்போவது தங்கச்சி.

மூன்றாவதில்தான் நாங்கள் கொஞ்சம் மல்லுக்கு நின்றோம். எண் தாண்டும் பட்டியலை என்ன செய்வது? தொடர்ந்து அச்சிடலாம் என்பது அவர் கட்சி. காட்டும் பிரேம்கள் சரி, எண்களும் பொய்யில்லை: தொழில்நுட்பவியலாளர் 4 என்று கேட்டால் உண்மையிலேயே தொகுதிதான் கிடைக்கும். அது சரிதான் என்று ஒரு நிமிடம் நானும் தலையாட்டினேன். பிறகு முதல் வரியைக் காட்டினேன். அதில் #0 வாசி என்று இருக்கிறது. இப்போது அவர் 0 என்று கேட்டால் கிடைப்பது கணக்கு. ஆக, பட்டியலின் மேல் பாதி நிற்பதற்கு முந்தைய எண்ணில், கீழ்ப் பாதி பிந்தைய எண்ணில். ஒரே தாளில் பழைய விலையும் புதிய விலையும் எழுதிய கடை விலைப்பட்டியல் மாதிரி. அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் நிறுத்திவிடலாம்" என்றார்.

நிறுத்திவிட்டு என்ன சொல்வது? மறுபடி பட்டியல் கேளுங்கள் என்று மட்டும் எழுதினால், கேட்பார். பைதான் மறுபடி அழைக்கும், நிரல் மறுபடி அதே புள்ளியில் நிற்கும், அடுக்கில் இன்னும் இரண்டு பிரேம்கள் ஏறும். மூன்று முறை கேட்டால் ஆறு. இதை அவர்தான் கண்டுபிடித்தார். கடைசியில் திருத்தத்தில் போன செய்தி இப்படி அமைந்தது, தொழில்நுட்பவியலாளர்கள் படிப்பதற்காகத் தமிழிலேயே:

"அளவுருவைக் காட்ட அழைத்த சார்பு இடையில் நின்றுவிட்டது. பிரேம் எண்கள் மாறிவிட்டன, பட்டியல் இங்கே நிறுத்தப்படுகிறது. அலங்காரத்தை அணைத்துவிட்டுப் பட்டியலை மறுபடி கேட்கவும்."

11 வரி 19 வரியானது. ஏற்றுக்கொண்டேன்.